விடுபட்ட பதினோரு வரிகள்

அச்சகத்தில் அவரைக் கமா சார் என்பார்கள். முப்பத்தொரு வருடம் புரூஃப் பார்த்தவர். அவர் கண்ணுக்கு ஒரு பிழையும் தப்பாது என்று பெயர் வாங்கியவர். ஊரார் அப்படிச் சொன்னதில் தவறில்லை. அவரே அதை நம்பிவிட்டதுதான் பின்னால் வந்த வினைக்கெல்லாம் ஆரம்பம். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது. மருந்துக் கடைக்காரர் கொடுத்த சீட்டில் இரண்டு திருத்தம் போட்டு அவரிடமே திருப்பி நீட்டியிருக்கிறார். கடைக்காரர் பொறுமைசாலி, வாங்கி வைத்துக்கொண்டார்.

புரூஃப் பார்ப்பது அந்த அச்சகத்தில் இரண்டு பேர் வேலை. ஒரு மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. ஒருவர் மூலப் பிரதியை உரக்க வாசிக்க வேண்டும். மற்றவர் அச்சடித்த தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வர வேண்டும். வாசிப்பவர் நிறுத்தக்குறிகளையும் சேர்த்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிப்பார். 'அவர் கதவைத் திறந்தார் முற்றுப்புள்ளி உள்ளே கமா நாற்காலியில் கமா யாரும் இல்லை முற்றுப்புள்ளி.' வாசிப்பதில் உள்ள ஏதாவது தாளில் இல்லையென்றால் விரல்காரர் "இல்ல" என்பார். உடனே நிறுத்திக் குறித்துக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் இடையே அந்த ஒரு வார்த்தைதான் பேச்சு.

எதிர் நாற்காலியில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்து வாசித்தவளுக்கு அச்சகத்தார் வைத்த பெயர் ரேடியோ. சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் காது கிழிய ஓடும். அதையும் தாண்டிக் கணீரென்று கேட்கும் குரல். வேலைக்கு வந்த இரண்டாம் வருடமே அவள் கமா சாருக்கு மனைவியானாள். அதற்கப்புறமும் மேஜையில் "இல்ல" ஒன்றுதான் பேச்சு. வீட்டிலும் அதிகம் மாறவில்லை என்று ரேடியோ அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அறுபத்திரண்டு வயதில் ரேடியோவுக்குக் காது போகத் தொடங்கியது. முதலில் இடது. இயந்திரச் சத்தமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். வலது காதைச் சோதித்துவிட்டு, "இது இன்னும் எத்தனை நாள்னு சொல்ல முடியாதும்மா. கேக்கணும்னு ஆசைப்படறதையெல்லாம் இப்பவே கேட்டுக்குங்க" என்றார். காதில் மாட்டும் கருவி வாங்கினார்கள். டிவி பக்கத்தில் போனாலே அது விசில் அடித்தது. கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து யாராவது வலது காதில் சொன்னால் நன்றாகவே கேட்டது.

அந்த வருடம்தான் சிலேட்டுத் துப்பறிவாளரை டிவியில் எடுத்தார்கள்.

அவரைத் தெரியாத வீடு கிடையாது. ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். வீட்டுக்கு வந்து குற்றத்தைச் சொல்பவர்களிடம் நாலு கேள்வி கேட்பார், சிலேட்டில் நாலு பெயர் எழுதுவார், ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். கடைசியில் நிற்கிற பெயர்தான் குற்றவாளி. ஓடமாட்டார், குரல் உயர்த்தமாட்டார். மொத்தம் பத்துக் கதைகள். அந்தக் காலத்துப் பழைய பதிப்பு நைந்து போனபோது புதுப்பதிப்பைப் போட்டது இவர்கள் அச்சகம். வாசித்தது ரேடியோ, புரூஃப் பார்த்தது கமா சார். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்து பார்த்த கடைசிப் புத்தகம் அது. அதன் பிறகு வந்த பதினான்கு மறுபதிப்புகளும் அந்தப் பக்கங்களைப் பார்த்து அப்படியே அடித்தவைதான்.

டிவியில் விளம்பரம் வந்த அன்று ரேடியோ துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த தலையணை உறையோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நம்ம கதைங்க. இதை மட்டும் முழுசா கேட்டுடறேன். அப்புறம் காது போனா போகட்டும். நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுங்க."

"அதுக்கென்ன, சொல்றேன்" என்றார் கமா சார். மனசாரத்தான் சொன்னார். அதில் சந்தேகம் வேண்டாம்.

முதல் ஞாயிறு, மாலை ஆறரை மணி. துப்பறிவாளர் ஒரு பாலத்திலிருந்து குதித்தபடி அறிமுகமானார். முப்பது வயது இருக்கும். தோல் சட்டை. இரண்டு கைப்பேசி. சிலேட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடிச் சுவர், அதில் எழுத்துகள் தானாக ஓடின. கமா சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையில் அந்த இளைஞர் ஒரு அம்மாளிடம், கதவை யார் பூட்டியது என்று கேட்டுக்கொண்டிருந்தார். கமா சார் மனைவியின் காதருகே குனிந்து சொன்னார்:

"சிலேட்டு எங்கடா?"

"அப்படியா கேக்கறார்?"

"அவன் கேக்கல. நான் கேக்கறேன்."

ரேடியோ சிரித்துவிட்டாள். முதல் வாரம் என்பதால் சிரிக்க முடிந்தது.

இரண்டாம் வாரம் அவர் ஒரு நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தார். சிவப்புப் பேனாதான். கதையில் தபால்காரர், டிவியில் பொருள் கொண்டுவரும் பையன். கதையில் நொண்டி நாய், டிவியில் பூனை. எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு எழுதினார். எழுதுகிற மும்முரத்தில் நாலு வசனத்துக்கு ஒன்றுதான் ரேடியோவின் காதுக்குப் போயிற்று. போனதும் ஒழுங்காகப் போகவில்லை. பாதி வசனம், மீதி வசவு. எது துப்பறிவாளர் சொன்னது, எது புருஷன் சொன்னது என்று அவள் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தே கண்டுபிடிக்கிற மனிதரை மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாவவிட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் திருத்தம் கேட்டு அங்கே உட்காரவில்லை. மிச்சமிருந்த ஒரு காதை அவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். எழுத்துப் பிழையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிற மனிதருக்கு இது தெரியவில்லை.

நாலாவது வாரம் மூன்று முறை கேட்டாள். "இப்ப என்ன சொன்னார்?" முதல் முறை அவர் கையைக் காட்டினார், இரு என்று. இரண்டாவது முறை தலையை ஆட்டினார். மூன்றாவது முறை நோட்டிலிருந்து நிமிராமலே, "அதை நீ கேக்கவே வேணாம். எல்லாம் தப்பாதான் சொல்றான்" என்றார்.

ரேடியோ நிகழ்ச்சி முடிகிற வரை வெறும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு ஆறேகால் மணிக்குச் செருப்பை மாட்டினாள்.

"எங்க?"

"மாடிக்கு. டெய்லரம்மா கூப்பிட்டாங்க."

மாடி வீட்டு டெய்லரம்மாள் தனி ஆள். ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டே டிவி பார்ப்பவள். சிலேட்டுத் துப்பறிவாளரை அவள் வாழ்நாளில் படித்ததில்லை. அதனால் அவளுக்கு எதுவும் தப்பாகப் படவில்லை. ரேடியோவின் வலது பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வந்த வசனத்தை வந்தபடி சொன்னாள். கீழே கமா சாருக்கு இரண்டு பெண்கள் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கூரை வழியாக வந்தது. வலித்தது. வலித்ததை ஒத்துக்கொள்ள மனம் வராமல், ரசனை கெட்டுப்போன காலத்தைப் பற்றி நோட்டில் ஒரு பக்கம் எழுதினார். அடுத்த வாரமாவது "நானே சொல்றேன், வா" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று வாரங்கள் போயின.

ஒன்பதாவது வாரம் ஒன்பதாவது கதை, துப்பறிவாளர் தன் நாற்காலியை விட்டு வெளியே கிளம்பிப் போகிற ஒரே கதை. துப்பறிவாளர் ஒரு வீட்டுச் சமையல்காரப் பெண்ணை முதலில் சந்தேகப்படுவார். சிலேட்டில் முதலில் எழுதுவது அவள் பெயர். வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு அவளை வாசலில் நிறுத்திவைப்பார்கள். கடைசியில் திருடன் வேறு ஆள் என்று தெரியும். துப்பறிவாளர் சிலேட்டைத் துடைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அதோடு கதை முடியும். கமா சாருக்கு அந்த முடிவில் தனி மயக்கம். அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெள்ளையாக இருக்கும். எவ்வளவு கம்பீரமான முடிவு என்று பலரிடம் சொல்லியிருக்கிறார்.

டிவியில் கதை அங்கே முடியவில்லை. தோல் சட்டைக்காரர் எல்லோரும் போன பிறகு திரும்பி வந்தார். சமையலறை வாசலில் நின்றார். "உன் பெயரை நான் எழுதினது தப்பு. நான் துடைச்சாலும் அவங்க மனசுல அது இருக்கும். என்னை மன்னிச்சிடு" என்றார். அந்தப் பெண் அவரை உட்காரச் சொல்லவில்லை. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "சரி, போங்க" என்றாள்.

கமா சார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அதே நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ரேடியோ வேகமாக இறங்கி வந்தாள். கண் ஈரமாக இருந்தது, முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தீங்களா? ஒம்பதாவது கதை, கடைசியில. பாத்தீங்களா?"

"பாத்தேன். கண்றாவி. எழுதினவருக்கு இல்லாத அக்கறை இவனுக்கு. நம்ம வாத்தியார் யார்கிட்டயாவது மன்னிப்புக் கேட்டிருக்காரா? கைக்கு வந்ததையெல்லாம் சேத்துடறதா?" இதை உரக்க, அவள் வலது காதுப் பக்கமே சொன்னார்.

ரேடியோ வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அப்புறம் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள்.

கமா சார் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். ஒன்பது வாரக் கோபமும் அதில் இறங்கியது. வாசகர் பக்கத்தில் தலைப்பு கொடுத்து, கட்டம் கட்டிப் போட்டார்கள். 'அந்தப் புத்தகத்தை எழுத்தெழுத்தாக அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் துப்பறிவாளர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. இல்லாத வரிகளை எழுத இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?' மருந்துக் கடைக்காரர்கூடக் கைகுலுக்கினார். ரேடியோ அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். தாளை நான்காக மடித்துக் கொடுத்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு பிழை இல்ல."

அவர் பூரித்துப் போனார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாளே ஒரு தபால் வந்தது. அனுப்பியவர் தொடருக்கு வசனம் எழுதிய பெண். ஐந்தே வரி. 'ஐயா, உங்கள் கடிதம் படித்தேன். பாலத்திலிருந்து குதித்தது எங்கள் வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மன்னிப்புக் கேட்டது எங்கள் வேலை அல்ல. முதல் பதிப்பின் பக்கத்தை இணைத்திருக்கிறேன். பின்னால் வந்த பதிப்புகளில் ஏனோ இந்தப் பதினோரு வரிகள் விடுபட்டுவிட்டன.'

இணைத்திருந்த நகலைப் பார்த்த கமா சார் முகத்தில் ஈயாடவில்லை. துப்பறிவாளர் சிலேட்டைத் துடைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். முற்றுப்புள்ளி. புதிய பத்தி. தெருமுனை வரை போனவர் திரும்பி வருகிறார். சமையலறை வாசலில் நிற்கிறார். அதே வார்த்தைகள், கொஞ்சம் பழைய நடையில். கடைசியில், "சரி, போங்கள்."

நம்பாமல் நூலகத்துக்குப் போனார். கண்ணாடி அலமாரிக்குள் முதல் பதிப்பு ஒன்று இருந்தது. நூலகர் எடுத்துக் கொடுத்தார். பக்கம் நூற்று நாற்பத்து மூன்று. பதினோரு வரிகளும் இருந்தன. வீட்டுக்கு வந்து தன் பிரதியைத் திறந்து, அந்தக் கம்பீரமான வெள்ளை இடத்தை அடிக்கோல் வைத்து அளந்தார். பதினோரு வரி கச்சிதமாக உட்காரும்.

விரல் தாளில் இருக்க, எதிரில் ரேடியோ அந்தப் பதினோரு வரிகளையும் வாசித்திருப்பாள். அவள் வரி தாண்டுகிறவள் இல்லை. "இல்ல" என்று சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. எந்த நாள் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. அவளுக்கு அன்று ஜலதோஷம். குரல் கம்மி, ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசித்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவளிடம் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். எப்படிச் சொல்வது, எங்கே வைத்துச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் தன் பாட்டுக்கு நகர்ந்து கதையின் அடியில் போய் நின்றுவிட்டது.

வெள்ளை இடத்தை அளந்த அன்றைக்கே அவர் மாடிப்படி ஏறி, அங்கே இருந்தவளிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். டெய்லரம்மாள் முன்னால் சொல்லியிருந்தாலும் குறைந்துபோயிருக்க மாட்டார். வலது காது அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பிழை கண்டுபிடிப்பதற்கே பிறந்த மனிதருக்குத் தன் பிழையைச் சொல்ல வாய் வரவில்லை. தபாலை அகராதிக்குள் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தார். அந்த ஞாயிறு கடைசிப் பகுதி, அவள் மாடிக்குப் போய்விட்டாள். அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் சொல்லத்தான் பக்கத்தில் போனார், "மருந்து சாப்டியா" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். இப்படியே மூன்று மாதம். தினமும் சந்தர்ப்பம் இருந்தது, தினமும் தள்ளிப்போட்டார்.

ஒருநாள் காலை குக்கர் ஆறேழு விசில் அடித்தும் நிற்கவில்லை. செய்தித்தாளை வைத்துவிட்டு உள்ளே போனார். ரேடியோ அடுப்புக்கு இரண்டடி தள்ளிக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் எட்டி அடுப்பை அணைத்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். குக்கரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் என்னவோ கேட்டார். வாய் அசைவது மட்டும் அவளுக்குத் தெரிந்தது, சத்தம் போய்ச் சேரவில்லை.

"வலதும் போயிடுச்சுங்க" என்றாள். நிதானமாகத்தான் சொன்னாள். மீதிக் காயையும் நறுக்கி முடித்தாள்.

டாக்டர் பார்த்தார், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். திரும்பி வரும் வழியில் கமா சார் புத்தகக் கடையில் நின்று ஒரு சிலேட்டும் ஒரு பெட்டிக் குச்சியும் கேட்டார். கடைக்காரர் உள்ளே தேடிப்போய்த் தூசி தட்டிக் கொண்டுவந்தார். வீட்டில் ரேடியோ அதைப் பார்த்துவிட்டு, "டிவிக்காரனுக்கு அனுப்பப் போறீங்களா?" என்றாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

தொடரை மறுபடி போட்டார்கள், பகல் இரண்டு மணிக்கு, தினம் ஒரு பகுதி. முதல் நாள் அவரே அவளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தார். அவர் எழுதி, அவள் படித்து, அவர் துடைப்பதற்குள் திரையில் மூன்று பேர் பேசிவிட்டுப் போயிருந்தார்கள். பத்துக்கு இரண்டு வசனம்கூடக் கொடுக்க முடியவில்லை. பாலம், கண்ணாடிச் சுவர், பூனை எல்லாம் வந்தன. அவர் ஒன்றையும் குறித்துக்கொள்ளவில்லை. எழுதுகிற கை வேறு வேலையில் இருந்தது.

ஒன்பதாம் நாள் ஒன்பதாம் கதை. தோல் சட்டைக்காரர் திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்றார். கமா சார் அவர் பேசுவதை எழுதவில்லை. சிலேட்டை மடியில் சாய்த்துக்கொண்டு, அவர் பேசி முடித்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு ரேடியோவிடம் நீட்டினார்.

அவள் தூரத்தில் பிடித்து உரக்க வாசித்தாள். எவ்வளவு உரக்க என்று அவளுக்கே தெரியாததால் மாடிக்கும் கேட்டிருக்கும். பழைய மேஜைக் குரல், ஏற்ற இறக்கம் இல்லாத குரல்.

"அந்தப் பதினோரு வரியை விட்டது நான் முற்றுப்புள்ளி. பேப்பரில் எழுதியது தப்பு முற்றுப்புள்ளி. நீ கேட்டபோது வசனம் சொல்லாமல் கமா உன்னை மாடிக்குப் போக விட்டது அதைவிடப் பெரிய தப்பு முற்றுப்புள்ளி."

சிலேட்டை மடியில் வைத்தாள். "தெரியும்" என்றாள்.

அவர் துடைத்துவிட்டு எழுதினார்: எப்போதிலிருந்து?

"பதினோரு வரிதான? புஸ்தகம் கட்டி வந்த அன்னைக்கே பாத்தேன். கல்யாணம் ஆகி ரெண்டு மாசம்."

ஏன் சொல்லவில்லை?

ரேடியோ திரையைப் பார்த்தாள். சமையல்காரப் பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாசிச்சிட்டு நிமிந்து பாத்தேன். நீங்க தாளைப் பாக்கல. என்னைப் பாத்துட்டு இருந்தீங்க. அதைப் போயி எப்படிங்க பிழைன்னு குறிக்கிறது?"

கமா சார் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அவள்தான் மறுபடி பேசினாள். சண்டைக்குப் பேசவில்லை, இருந்ததைச் சொன்னாள்.

"இதை வாயால சொல்லியிருக்கலாம். அந்தத் தபால் வந்தப்போ எனக்குக் கேட்டுச்சு. அகராதியில இருக்குறதை அப்பவே பாத்தேன். இன்னைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார்னு தினம் வலது பக்கமாவே வந்து உக்காருவேன்."

அவர் சிலேட்டைக் கீழே வைத்தார். நாற்காலியை அவள் வலது பக்கம் இழுத்துப் போட்டார். காதருகே குனிந்து, சிலேட்டில் எழுதியிருந்ததையெல்லாம் முதலிலிருந்து வாயால் சொன்னார். அவள் தலையைச் சாய்த்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காத்து மட்டும் படுது" என்றாள். "பரவால்ல, சொல்லுங்க."

அவர் மறுபடியும் சொன்னார். டிவியில் கதை முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.